தண்ணீர் புகாத பை

பாரிஸில் லாச்சப்பலில் நாங்கள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களில் நிரோஜினியை நேரில் கண்டவர்கள் குறைவு. அவள் பொரித்தெடுக்கும் மரக்கறி ரோல்ஸைச் சாப்பிடாதவர்கள் அதைவிடக் குறைவு. கடைக்குக் கீழே படி இறங்கிப் போனால் ஒரு நிலவறைச் சமையலறை இருக்கிறது. யன்னல் கிடையாது. அதுதான் எங்கள் இரண்டு பேருடைய இராச்சியம். நான் மேலே கல்லாவுக்கும் கீழே அடுப்புக்கும் ஏறி இறங்குகிறவள், வாயும் கொஞ்சம் நீளம். அவளுக்கு வாயே கிடையாது என்று சொல்லலாம். சுற்றி, தோய்த்து, ரொட்டித் தூளில் பிரட்டி, தட்டில் அடுக்கிக்கொண்டே இருப்பாள். கேட்டால் "ஓம் யசோக்கா" என்பாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் அகதிப் பத்திரங்களை ஒரு துணிப் பையில் போட்டு, சட்டைக்கு உள்ளே இடுப்பில் கட்டியிருப்பாள். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கும்போதும் அது இடுப்பில்தான் இருக்கும்.

"எடியே, உன்ரை கார்ட்டை ஆர் களவெடுக்கப் போறாங்கள்? கழட்டி அலுமாரிக்குள்ளை வையன்" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். சிரிப்பாள். கழற்ற மாட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் வந்த புதிதில், அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், கார் து நோர் ரயில் நிலைய வாசலில் பொலிஸ் மறித்துப் பத்திரம் கேட்டது. பத்திரம் திரான்சியில் அவள் வாடகைக்கு இருந்த அறையில், தலையணைக்குக் கீழே இருந்தது. பத்திரமாக வைக்கிறேன் என்று வைத்த இடம் அது. கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். மறுநாள் அறைக்காரர் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டும்வரை, தன்னை விமானத்தில் ஏற்றிவிடப் போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு அவள் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்திருக்கிறாள். அன்றைக்குக் கட்டிய பை அது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளுடைய அம்மா நாகேஸ்வரிக்கும் அந்தக் கதை தெரியும். மற்ற அம்மாமார் தொலைபேசியை வைக்கும்போது "சாப்பிட்டியோ", "குளிருக்குப் போடு" என்பார்கள். இந்த அம்மா "பேப்பர் கவனம் பிள்ளை" என்றுதான் வைப்பார். எத்தனை வருஷமாக நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

பிறகு அவளுக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. அகதிகளுக்கென்று கொடுக்கும் நீல நிறப் பயணப் பத்திரமும் கிடைத்தது, 'தித்ர்' என்று பிரெஞ்சில் சொல்வோம். உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அவளுடைய அப்பா செத்தபோது, நிலவறையில் சிக்னல் இல்லாததால் படிக்கட்டின் நடுவில் நின்று, கையில் மாவோடு, போனில் செத்தவீடு பார்த்தாள். அம்மாவை இங்கே கூப்பிட விசா கேட்டாள். மறுத்தார்கள். திரும்பக் கேட்டாள். திரும்ப மறுத்தார்கள்.

எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை இங்கிருந்து பறக்கும், தாய் அங்கிருந்து பறப்பார், இரண்டு பேரும் மூன்றாவது ஒரு நாட்டில் சந்தித்துக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் திரும்புவார்கள். லாச்சப்பலில் ஒருவர் பாங்கொக் போகிறேன் என்றால் கடற்கரைக்குப் போகிறார் என்று வெள்ளைக்காரர்தான் நினைப்பார்கள். நாங்கள் "ஆரைப் பாக்கப் போறியள்?" என்று கேட்போம்.

நிரோஜினியும் தாய்லாந்து என்று முடிவெடுத்தாள். எந்த மாதம் என்பதில் மட்டும் அம்மா பிடிவாதமாக நின்றுவிட்டார். சித்திரை வருஷப்பிறப்புக்குத்தான் சந்திக்க வேண்டும். வருஷம் பிறக்கும் புண்ணிய காலத்தில் பெரியவர்கள் கையால் மருத்துநீர், மூலிகை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், தலையில் வைத்து முழுகாமல் மகள் இத்தனை வருஷத்தைக் கழித்துவிட்டாள், அதுதான் அவளுக்கு ஒன்றும் சரிவரவில்லை என்பது அம்மாவின் கணக்கு. "கோயிலிலை வாங்கிப் போத்திலிலை கொண்டுவாறன். என்ரை கையாலை உன்ரை தலையிலை வைக்கவேணும்" என்றார். பாரிஸ் கோயில்களிலும் மருத்துநீர் கொடுக்கிறார்கள், நானே அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வைத்துவிடத் தாய் வேண்டுமே.

டிக்கட் கடைப் பிரசாந்தன் எச்சரித்துவிட்டுத்தான் டிக்கட்டைக் கொடுத்தான். "அக்கா, அந்தக் கிழமை அங்கையும் வருஷப்பிறப்பு. சொங்க்ரான் எண்டு தெருவிலை தண்ணி ஊத்தி விளையாடுவினம். சனம் நெரியும். ஒரு கிழமை தள்ளிப் போங்கோவன்."

நிரோஜினி முகம் மலர்ந்துவிட்டாள். "அப்ப நல்லது தம்பி. எங்களுக்கும் வருஷப்பிறப்பு, அவைக்கும் வருஷப்பிறப்பு" என்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவள் முதல் நாளே போய் இறங்கிவிட்டாள். அம்மாவின் விமானம் மறுநாள் மத்தியானம். அன்றிரவு புண்ணிய காலம். எல்லாம் சரியாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் காலையைப் பற்றி அவள் பிறகு சொன்னதைக் கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. விடுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பன்சலை, புத்த கோயில். முற்றத்தில் மணலைக் குவித்துக் கோபுரம் செய்து, உச்சியில் வர்ணக் கொடி குத்தியிருந்தார்களாம். குடும்பம் குடும்பமாக வந்து, மல்லிகை மிதக்கும் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் அள்ளிப் புத்தர் சிலைக்கு வார்த்தார்கள். ஒரு மரத்தடியில் வயதானவர்களை வரிசையாகக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பிள்ளைகள் முழங்காலில் இருந்து அவர்களுடைய உள்ளங்கையில் தண்ணீர் வார்க்க, அவர்கள் அந்த ஈரக் கையாலேயே பிள்ளைகளின் தலையைத் தடவி ஏதோ வாழ்த்திச் சொன்னார்கள்.

"பாத்துக்கொண்டே நிண்டன் அக்கா. நாளைக்கு அம்மாவையும் இதிலை கொண்டுவந்து இருத்தவேணும் எண்டு நினைச்சன். எனக்குச் சிரிப்புச் சிரிப்பா வந்தது" என்றாள்.

பிறகு விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டாள். நேரத்தோடுதான் வெளிக்கிட்டாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடகைக் கார் பெரிய தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. தெருவை மறித்துத் திருவிழா. பூப்போட்ட சட்டையோடு ஆயிரக்கணக்கான சனம். ஐஸ் கட்டி போட்ட பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வாகனங்கள் ஊர்ந்தன, அதிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் பறந்தது. சாரதி கையை விரித்து, அந்தப் பக்கம் ரயில் இருக்கிறது, நடந்து போ என்று காட்டினான். ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. நடுவில் அந்தத் தண்ணீர்.

தெரு முனையில் ஒரு பெண் கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பைகள் விற்றுக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசி நனையாமல் இருக்கப் போடுகிற பை அது. வாயைப் பூட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. நிரோஜினி ஒன்று வாங்கினாள். விற்ற பெண் உதவி செய்கிறேன் என்று அவள் கையில் இருந்த போனை வாங்கப் பார்த்தாள்.

நிரோஜினி கையை இழுத்துக்கொண்டாள். சட்டைக்குள் கையை விட்டு, இடுப்புப் பையை அவிழ்த்து, நீலப் பத்திரத்தை எடுத்து அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தாள். பை நிறைந்துவிட்டது. விற்ற பெண் சிரித்துக்கொண்டே, இல்லை இல்லை, போனை, போனை என்று சைகை காட்டினாளாம். நிரோஜினி தலையை ஆட்டிவிட்டு வாயை இறுக்கிப் பூட்டி, பையைக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டு, மேலே கையை வைத்து அமத்திக்கொண்டு நடந்தாள். போனைத் தோளில் தொங்கிய துணிப் பைக்குள் போட்டாள்.

எனக்கு அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது. இன்னொரு பை வாங்கியிருக்கலாமே! பக்கத்தில் ஒரு கொத்தாகத் தொங்கியது என்று அவளே சொல்கிறாள். "அப்ப அது மண்டையிலை வரேல்லை அக்கா. பத்திரம் நனைஞ்சால் என்ன செய்வன் எண்டது மட்டும்தான் ஓடினது" என்கிறாள். 

காலையில் பன்சலையில் கண்ட அதே சனம்தான் தெருவிலும். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சிரித்து, கும்பிட்டு, வாளியைக் கவிழ்த்தார்கள். குளிர் தண்ணீர் உச்சியில் விழுந்து முதுகால் ஓடியது. கிழவிகள் வெள்ளைப் பொடியைக் குழைத்துக் கன்னத்தில் தடவினார்கள். அது வாழ்த்து. மற்றப் பயணிகள் இதற்கென்றே காசைச் செலவழித்து வந்து துள்ளிக்கொண்டிருந்தார்கள். இவள் நெஞ்சில் ஒரு கையை அமத்திக்கொண்டு, "விடுங்கோ, விடுங்கோ, அம்மா வாறா" என்று தமிழில் கத்திக்கொண்டே அதற்குள்ளால் போயிருக்கிறாள். அவர்களுக்கு அதுவும் ஒரு விளையாட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

ரயிலில் ஏறிப் போனை எடுத்தாள். தோள் பை ஊறிப்போயிருந்தது. போனின் முகம் கறுத்திருந்தது. அழுத்தினாள், உதறினாள், உள்ளங்கையில் தேய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பரவாயில்லை, அம்மா வாசலால் வருவார்தானே, முகத்துக்கு முகம் பார்க்கப் போகிறேன், போன் எதற்கு என்று தன்னைத்தானே ஆற்றிக்கொண்டாள்.

விமான நிலைய வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டை சொட்டச் சொட்ட நின்றாள். கொழும்பு விமானம் வந்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஆட்கள் வந்தார்கள், பெட்டிகள் வந்தன, பிறகு அடுத்த விமானத்து ஆட்கள் வந்தார்கள். அம்மா வரவில்லை. விசாரிக்கும் இடத்தில் கேட்டாள். பொறுத்திரு என்றார்கள். ஒருவருக்காவது போன் எடுக்கலாம் என்றால் ஒரு இலக்கமும் நினைவில்லை. எல்லா இலக்கமும் செத்துப்போன போனுக்குள் இருந்தன. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் எங்கள் கடையின் இலக்கம். சாப்பாட்டுப் பெட்டி மூடிகளில் வருஷக்கணக்காக ஒட்டுகிறாளே.

கன்னத்தில் வெள்ளைப் பொடி காயாத ஒரு தாய்லாந்துப் பெண்ணிடம் போனைக் கெஞ்சி வாங்கி எடுத்திருக்கிறாள். பாரிஸில் அது ஞாயிறு காலை. நான் கல்லாவில் நின்றேன்.

"யசோக்கா, அம்மாவைக் காணேல்லை!"

பேசாத பிள்ளை அப்படிக் கத்துகிறாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிரசாந்தனின் கடைக்கு ஓடினேன். அவன் கொழும்பில் டிக்கட் போட்ட ஆளைப் பிடித்தான். அந்த ஆள் இன்னொரு ஆளைப் பிடித்தான். கடைசியில் பிரசாந்தன் போனை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, அம்மாவை உள்ளுக்கு விடேல்லையாம். ஆரிட்டை வந்தனீங்கள், எங்கை தங்கிறீங்கள் எண்டு கேட்டிருக்கிறாங்கள். மகள் வெளியிலை நிக்கிறா எண்டிருக்கிறா. மகளின்ரை நம்பரைக் குடுத்திருக்கிறா. அடிச்சுப் பாத்தாங்களாம், வேலை செய்யேல்லையாம். வந்த கொம்பனியின்ரை பின்னேர பிளேனிலை திருப்பி ஏத்துறாங்கள்."

அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். தனியாக ஒரு வயதான மனுஷி வந்து நிற்கிறார், தங்கும் இடம் தெரியாது, சொன்ன இலக்கம் செத்திருக்கிறது. விடுதியின் பெயரைக்கூட நிரோஜினி அம்மாவிடம் சொல்லி வைக்கவில்லை, வாசலில்தானே நிற்கப் போகிறேன் என்று விட்டுவிட்டாள்.

அந்த முன்பின் தெரியாத பெண்ணின் போனுக்கு நான் திருப்பி எடுத்தேன். அந்தப் பெண், பாவம், தன் வேலையை விட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். நான் சொன்னேன். வேறு யார் சொல்வது?  மறுபக்கத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

உள்ளே போகும் வாசலில் போய் நின்று, சட்டைக்குள்ளிருந்து பையை எடுத்து, நீலப் பத்திரத்தை உருவி அங்கே நின்ற அதிகாரியிடம் நீட்டியிருக்கிறாள். அவர் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள் தாய்லாந்தில் இருக்கலாம் என்றாராம். அம்மா என்று கேட்டாள். அந்தப் பயணி விமானத்துக்குப் போய்விட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவள் அந்தப் பளிங்கு நிலத்திலேயே இருந்துவிட்டாள். போன் கொடுத்த பெண் பின்னால் வந்து, தன் பையில் இருந்த சின்னப் போத்தலைத் திறந்து, வாசனைத் தண்ணீர் கொஞ்சம் கையில் எடுத்து இவளுடைய உச்சியில் மெல்ல வைத்து, புதுவருஷ வாழ்த்துச் சொன்னாளாம். வேறு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை போல.

"அண்டைக்கு என்ரை தலையிலை தண்ணி வைக்காத ஆள் இல்லை அக்கா. அம்மா ஒராள்தான் வைக்கேல்லை" என்றாள் நிரோஜினி, திரும்பி வந்து கீழே அடுப்படியில் நின்றுகொண்டு.

புண்ணிய காலத்தில் அம்மா கட்டுநாயக்கா விமான நிலைய வாசலில் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தாராம். மருத்துநீர்ப் போத்தல் பெட்டிக்குள்ளேயே போய், பெட்டிக்குள்ளேயே திரும்பி வந்தது. அவருடைய பாஸ்போட்டில் திருப்பி அனுப்பிய அடையாளம் விழுந்துவிட்டது. "இனிக் கஷ்டம் அக்கா. வேறை நாட்டுக்காரனும் அதைப் பாத்திட்டுக் கேள்வி கேப்பான்" என்றான் பிரசாந்தன்.

போன் பழுதாகிவிட்டது என்று மட்டும்தான் நிரோஜினி அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எப்படிப் பழுதானது என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவர் பிழை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மத்தியானம், கடை ஆறியிருந்த நேரத்தில், படிக்கட்டில் இருந்து அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மா என்பதால் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் படியில் சாய்த்து வைத்திருந்தாள். நான் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"பிள்ளை, நான் இப்ப பக்கத்து வீட்டு ரீச்சரிட்டை இங்கிலீஷ் படிக்கிறன். கேக்கிறியே? மை டோட்டர் இஸ் வெயிட்டிங் அவுட்சைட். சரியோ? அண்டைக்கு இதைச் சொல்லத் தெரிஞ்சிருந்தால் விட்டிருப்பாங்கள். நான்தான் மூளையில்லாமல் தமிழிலை, வெளியிலை நிக்கிறாள், எட்டிப் பாருங்கோ, எட்டிப் பாருங்கோ எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான். அடுத்த முறைக்குப் பாடமாக்கி வைச்சிருக்கிறன். மை டோட்டர்..."

"அம்மா, நிப்பாட்டுங்கோ!"

நான் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நிரோஜினி எழும்பி நின்றிருந்தாள். முகம் கோணிப் போயிருந்தது.

"உங்களிலை பிழை இல்லை அம்மா. நான்தான். தண்ணி படாமல் வைக்க ஒரு பை வாங்கினனான். போன் வைக்கிற பை. அதுக்குள்ளை நான் போனை வைக்கேல்லை. தித்ரை வைச்சனான். பத்திரம் ஒரு பொட்டும் நனையேல்லை அம்மா. போன் செத்துப் போச்சு. அவங்கள் அடிக்கேக்கை அது என்ரை தோளிலை செத்துப்போய்த் தொங்கினது."

 மேலே தெருவில் யாரோ பெட்டிகளை இழுத்துப் போகும் சத்தம் கேட்டது. அம்மா ஏசட்டும், அழட்டும், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அவள் ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். ஏச்சு அவளுக்குத் தேவையாக இருந்தது என்றுகூட நினைக்கிறேன்.

"பத்திரத்தையோ வைச்சனீ?" என்று கேட்டார் அம்மா.

"ஓம்."

"அது சரிதானே பிள்ளை. வேறை எதை வைப்பாய்? பத்திரம் நனைஞ்சிருந்தால் நீ எங்கை போவாய்? அங்கையும் போக ஏலாது, இஞ்சையும் வர ஏலாது. எனக்கெண்டால் திருப்பி வர வீடு இருந்தது, வந்திட்டன். நீ செய்ததுதான் சரி."

நிரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கையில் இருந்த மா முகமெல்லாம் அப்பியது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். சரி என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. எனக்கும் தாங்க முடியவில்லை, வெங்காயத்தைச் சாட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

"அழாதை. வேலைத் தலத்திலை நிண்டு அழக்கூடாது" என்றார் அம்மா. "சரி, நான் வைக்கிறன். பேப்பர் கவனம் பிள்ளை."

போன் அணைந்தது. நிரோஜினியின் மாக் கை தானாகவே இடுப்புக்குப் போய்த் தடவிப் பார்த்தது. பை அங்கேதான் இருந்தது.